முட்டி உயரச் செடிகள்

1

போன சனிக்கிழமை ஒரு செடித் தொட்டியை எட்டி உதைத்துவிட்டேன். சொந்தத் தொட்டி என்றால் பரவாயில்லை. கடைத் தொட்டி. பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க.

இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் நாங்கள் இருக்கும் ஊரில் செடிக்கடை என்பது நம் தி.நகர் துணிக்கடை மாதிரி. வாங்குகிறோமோ இல்லையோ, குடும்பத்தோடு போய் ஒரு சுற்றுச் சுற்றி, காபி குடித்துவிட்டு வருவார்கள். என் வீட்டு வாசல் பாத்தியில் ஒரு செடி பட்டுப்போயிருந்தது. அந்த இடத்துக்குக் குட்டையாக ஒன்று வேண்டும் என்று போனேன். கையில் எடுத்த தொட்டியில் செருகியிருந்த அட்டையைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். ஆண்டு முழுவதும் அழகு என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, கடுமையாக வெட்டினாலும் தாங்கும், மீண்டும் தளிர்க்கும் என்று போட்டிருந்தது.

அவ்வளவுதான். தொட்டியைக் கீழே போட்டு விட்டேன் ஓர் உதை. மண் சிதறி, பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெரியவரின் ஷூ மேலெல்லாம் விழுந்தது. கடைப்பெண் ஓடி வந்து "ஆர் யூ ஆல் ரைட்?" என்றாள். இந்த ஊரில் அது கேள்வியே இல்லை, வெறும் முகமன். ஆமாம், நீ எப்படி என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் எனக்கு அது அந்த நேரத்தில் மறந்துபோனது. "உனக்கு இன்னாடி தெரியும்? ஆல் ரைட்டாம், ஆல் ரைட்டு!" என்று சாந்தோம் தமிழில் கத்தினேன். அவள் இரண்டு அடி பின்னால் போனாள். பெரியவர்தான் குனிந்து செடியை நிமிர்த்தி வைத்தார். செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் தாங்குமாமே.

ஏன் உதைத்தேன் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லி விளங்கவைக்க என்னிடம் ஆங்கிலம் இல்லை. ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்லலாம். வருகிற கிறிஸ்துமஸோடு ஒரு வருஷம் ஆகிறது.

2

என் பாத்தியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதில் கர்வம் உண்டு.

இந்த ஊரில் வாசல் பாத்திக்கு ஒரு இலக்கணம் இருக்கிறது. செடி ஜன்னலை மறைக்கக் கூடாது, நடைபாதையில் போகிறவன் மேல் உரசக் கூடாது, ஆனால் எந்த மாதத்தில் பார்த்தாலும் ஏதாவது ஒன்று கண்ணுக்கு இருக்க வேண்டும். கோடையில் யார் வேண்டுமானாலும் பூக்க வைப்பார்கள். ஜனவரியில், நாலு மணிக்கே இருட்டிவிடும் அந்த நாசமாய்ப்போன குளிரில், எதைக் காட்டுகிறாய் என்பதுதான் கேள்வி. நான் ஜனவரிக்கு ஒரு வாசனைச் செடி வைத்திருக்கிறேன். பூ ஒன்றும் பெரிதாக இருக்காது, ஆனால் கதவைத் திறந்தால் தேன் வாசம் வரும். மார்ச்சுக்குச் செந்தளிர் விடுவது ஒன்று, கோடைக்கு ஊதாப்பூ ஒன்று, இலையுதிர் காலத்தில் ரத்தச் சிவப்பாகிற முள்செடி ஒன்று. எல்லாமே முட்டி உயரத்தைத் தாண்டாத ரகம். நானே தேடித் தேடிச் சேர்த்தேன். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் பாத்தி முன் குந்தியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாந்தோமில் இருக்கும் என் அக்கா ஸ்டெல்லாவோடு வீடியோவில் பேசுவேன். அவள் பள்ளிக்கூட டீச்சர், போன வருஷம்தான் ஓய்வு பெற்றாள். வேறு என்ன பேசுவது? சர்க்கரை, பிரஷர், யார் செத்தார்கள் என்பதெல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். மீதி நேரம் செடிதான். அவள் போனைத் திருப்பி வாசலைக் காட்டுவாள். நான் என் வாசலைக் காட்டுவேன்.

ஒரு நாள் என் மகள் நீனா பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். இருபத்தாறு வயசு, வேறு ஊரில் வேலை, எப்போதாவது சனி ஞாயிறுக்குத் துணி துவைக்க வருவாள். தமிழைத் தொட்டுக்கொள்வதோடு சரி. "அம்மா, பெரியம்மா வீட்டுச் செடி ஏன் எப்பவும் அதே ஹைட்? வளரவே வளராதா?" என்று கேட்டாள்.

"அது அந்த ரகம்டி. குட்டை ரகம்" என்றேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

3

சாந்தோம் வீடு எங்கள் அப்பா கட்டியது. கோயிலிலிருந்து கடல் பக்கம் இறங்கும் சந்து ஒன்றில், கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் மதிலை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு ஒரு மண் பட்டை. வீடு எங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது. அக்காவும் அவள் வீட்டுக்காரர் சேவியர் மாமாவும்தான் குடியிருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

மாமாவைப் பற்றி அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள். பூசையில் வாசகம் வாசிப்பார். கிறிஸ்துமஸ் குடில் கட்ட முதல் ஆளாக நிற்பார். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. கத்தவும் மாட்டார். கல்யாணமான புதிதில் அக்காவின் காது கிழிந்து, கம்மலே அவர் கையோடு வந்த ஒரு சம்பவம் நடந்தது. அப்பா உயிரோடு இருந்த காலம். சாமியார் வந்து இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். அதோடு தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்தோம். நானும் விமானம் ஏறிவிட்டேன்.

மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அக்காவுக்குச் செடிப் பைத்தியம் பிடித்தது. இட்லிப்பூ, குட்டை நந்தியாவட்டை, குரோட்டன்ஸ், செம்பருத்தி, கனகாம்பரம், மார்கழிக்கு டிசம்பர் பூ என்று மூன்றடி மண்ணை அடைத்துவிட்டாள். வருஷத்தில் ஒரு நாளும் பூ இல்லாமல் இருந்ததில்லை. நான் அசந்துபோனேன். இங்கே புத்தகம் படித்து நான் செய்வதை அவள் அங்கே புத்தகம் இல்லாமல் செய்கிறாள் என்று பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஒரு தடவை ஊருக்குப் போயிருந்தபோது அடையாறு பக்கம் ஒரு நர்சரிக்கு அவளோடு போனேன். நிழல் தாங்குமா, உப்புக்காற்று தாங்குமா, எந்த மாசம் பூக்கும் என்று நான் கடைக்காரரைக் குடைந்துகொண்டிருந்தேன். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அடியோட வெட்டினா வருமா?"

"சூப்பரா வரும் டீச்சர். வெட்ட வெட்டத்தான் அடர்த்தியா வரும்."

"எவ்ளோ நாள்ல?"

அவர் சொன்னதைக் கேட்டு இரண்டை எடுத்துக்கொண்டாள். கிறிஸ்து முள் வைக்கலாமே, வருஷம் பூரா பூக்குமே, பராமரிப்பும் வேண்டாம் என்று நான் ஒரு தொட்டியை நீட்டினேன். தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "முள்ளு வேணாம்டி. குத்திடும்."

"வெட்டறது யாரு?" என்று கேட்டேன்.

"உங்க மாமாதான். அவருக்கு அதுல ஒரு இண்ட்ரஸ்ட் வந்துடுச்சு."

நான் அடுத்த ஞாயிறே போனில் மாமாவைக் கூப்பிட்டுப் பாராட்டினேன். "மாமா, கை சூப்பர் மாமா! எவ்ளோ அழகா மட்டம் பண்ணி வெச்சிருக்கீங்க!" அவர் சிரித்தார். அக்காவும் பின்னால் நின்று சிரித்தாள். இதை எழுதும்போது என் பல்லை நானே உடைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

4

போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு நான் மட்டும் போயிருந்தேன். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு, மதியம். அக்கா அடுப்படியில் கல்கல் பலகாரம் செய்துகொண்டிருந்தாள். மாவை முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டிச் சுருட்டித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கதையடித்துக்கொண்டிருந்தேன்.

மாமா பட்டினப்பாக்கம் போய் முழு வஞ்சிரம் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து மேடைமேல் போட்டார். "இன்னா ரெஜி, உங்க ஊர்ல கிடைக்குமா இந்த மாதிரி?"

நான் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். வெளுத்துப்போயிருந்தது. "ஐயய்ய! ஐஸ்ல கிடந்ததைத் தலையில கட்டிட்டாங்க மாமா. நல்லா ஏமாந்துட்டீங்க" என்று சொல்லிச் சிரித்தேன். மச்சினிச்சி கிண்டல் பண்ணாமல் வேறு யார் பண்ணுவது?

"அப்படியா சொல்ற" என்றார். அவரும் சிரித்தார். குழாயில் கையைக் கழுவினார். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அக்காவின் கை மாவுமேல் அப்படியே நின்றுவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு அர்த்தம் எனக்கு அப்போது தெரியவில்லை.

வாசலில் சதக், சதக் என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், மாமா வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு டிசம்பர் பூச் செடியை வெட்டிக்கொண்டிருக்கிறார். கவாத்து இல்லை அது. மேலே, கீழே, பக்கவாட்டில் என்று கண்ணை ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டு கொத்துகிறார். அந்த வருஷம் அது ஊதாவும் வெள்ளையுமாகக் கொட்டிப் பூத்திருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. ஓடினேன்.

"மாமா! பூக்கிற நேரத்துல யாராவது வெட்டுவாங்களா? மொட்டெல்லாம் போகுது பாருங்க!"

காதில் விழாத மாதிரி அடுத்த செடிக்குப் போனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். உள்ளேயிருந்து அக்கா கத்தினாள். "ரெஜி! விட்டுடுடி! வெட்டட்டும் விடு!"

"நீ சும்மா இரு அக்கா. இவருக்குத் தெரியல, பூ முடிஞ்ச அப்புறம்தான் வெட்டணும்" என்று பதிலுக்குக் கத்தினேன். கொலைகாரன் கையைப் பிடித்துக்கொண்டு தோட்டக்கலைப் பாடம் எடுத்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்.

மாமா என்னைப் பார்த்தார். பிடியைத் தளர்த்தினார். கத்தி என் கைக்கு வந்தது. "சரி. வேணாம்னா வேணாம். செடி மேல அவ்ளோ பாசம் கீது உனக்கு" என்றார். வாசற்படியில் செருப்பை ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். நான் கத்தியோடு நின்று மீதிச் செடிகளைப் பார்த்தேன். நல்லவேளை, பாதியையாவது காப்பாற்றினோம் என்று நினைத்தேன்.

அப்புறம் உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது.

அடுப்படிக்குள் நான் போனபோது, மாமா அக்காவின் கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்து, நெற்றியைக் கடப்பைக்கல் மேடையில் மோதிக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவும் அலறவில்லை. இரண்டு கையையும் மேடையில் ஊன்றி, மோதும்போது வேகம் குறையும்படி தாங்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவு பழக்கம். கல்கல் தட்டு கீழே கிடந்தது. மீன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தது.

"டேய்!" என்றேன். அத்தனை வருஷமாக மாமா மாமா என்று கூப்பிட்ட வாய். கத்தியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் அவர் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிவது எனக்குக் கேட்டது. கூந்தலிலிருந்து கை விழுந்தது. மறுபடி தோளில் போட்டேன். அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, தன் கையையே ஆச்சரியமாகப் பார்த்தார். நான் நிறுத்துவதாக இல்லை. கத்தியைத் திருப்பிப் பிடித்தது நான் யோசித்துச் செய்ததா, கை தானாகச் செய்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. திருப்பாமலும் அடித்திருப்பேன். அக்காதான் பின்னாலிருந்து என்னைக் கட்டிப் பிடித்தாள்.

"போதும்டி. கத்தியக் குடு. போதும்."

பக்கத்து வீட்டுக்காரர் மாமாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று மாமா அங்கே சொன்னாராம். அதே டாக்டரிடம் அக்கா பல தடவை சொன்ன அதே பொய்.

நான் துணியில் ஐஸ்கட்டியைச் சுற்றி அக்காவின் நெற்றியில் வைத்தேன். அவள் முதலில் கேட்டது இதுதான்.

"செடிய ஏன்டி காப்பாத்தின?"

"என்னக்கா சொல்ற?"

"அவருக்குக் கோவம் வந்தா அடிக்கக் கை வந்துடும் ரெஜி. வந்துட்டா எதுலயாவது இறங்கியாகணும். ஒரு நாள் வாசல்ல இட்லிப்பூ இருந்துச்சு. அதுல இறங்கிச்சு. அன்னிக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. நிம்மதியா தூங்கினேன். மறுநாளே போய் இன்னும் ரெண்டு செடி வாங்கினேன்."

நான் ஐஸ்கட்டியை மறுபக்கம் திருப்பி வைத்தேன்.

"எப்பவும் ஏதாவது பூத்திருக்கணும். மொட்டையா இருக்கிறத வெட்டினா அவருக்கு ஆத்திரம் தீராது. பூ இருக்கணும். உயரமா போகவிட்டாலும் கஷ்டம், குனிஞ்சு வெட்டினாத்தான் களைச்சுப் போவாரு. முள்ளு வெக்கக் கூடாது. அது அவரக் குத்தினா அதுக்கும் நான்தானே?"

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அவர்மேல் வந்தது, என்மேல் வந்தது, அக்காமேலும் வந்தது. மாசத்துக்கு ஒரு பூ என்று நானும் கணக்குப் போட்டிருக்கிறேன், அவளும் போட்டிருக்கிறாள். நான் தெருவில் போகிறவர்கள் கண்ணுக்காகப் போட்டேன். அவள் தன் மண்டையைக் காப்பாற்றப் போட்டாள். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ரசித்திருக்கிறோம். தூ!

5

மறுநாள் விடிந்ததும் மண்வெட்டிச் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அக்கா வீங்கிய முகத்தோடு, நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செடிகளை வேரோடு தோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். நந்தியாவட்டை, செம்பருத்தி, குரோட்டன்ஸ் எல்லாம் கேட்டுக்கு வெளியே குப்பையோடு குவிந்து கிடந்தன. ஏன் என்று கேட்டேன். அடுத்த செடியின் வேரில் மண்வெட்டியைப் போட்டாள். அதற்குள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. மாமாவின் தம்பி லாரன்ஸ் கோடம்பாக்கத்திலிருந்து கிளம்பி வந்து, என்மேல் புகார் கொடுத்திருந்தான்.

அக்காவும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே முதல் அரைமணி நேரம் நான் எந்த நாட்டுப் பிரஜை என்பதிலேயே போனது. பிறந்தது சாந்தோம், படித்தது மயிலாப்பூர், பாஸ்போர்ட் பிரிட்டிஷ். வெளிநாட்டு இந்தியர் அட்டையை ஏட்டு திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "விசா எங்கம்மா?" என்றார். இதுதான் விசா மாதிரி என்றேன். மாதிரின்னா என்ன என்றார். லாரன்ஸ் பக்கத்திலிருந்து ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். "ஃபாரின்காரங்க சார். நம்ம ஊருக்கு வந்து கத்தி எடுத்து வெட்டிட்டுப் போய்க்கினே இருப்பாங்க, நாம பார்த்துக்கினு இருக்கணுமா?"

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். களைத்த முகம், கிறிஸ்துமஸ் பந்தோபஸ்து வேலைகள் தலைக்குமேல். மாமா கட்டுப் போட்ட கையோடு பணிவாக உட்கார்ந்திருந்தார். "விடுங்க மேடம், மச்சினிச்சிதானே. தெரியாம பண்ணிட்டா. கேஸ் கீஸ் எல்லாம் வேணாம், சமாதானமாப் போயிடலாம்" என்றார். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. எனக்கே ஒரு கணம் நான்தான் ரவுடியோ என்று தோன்றியது.

"பாருங்க டீச்சர்," என்றார் இன்ஸ்பெக்டர் அக்காவிடம், "கை உடைஞ்சவரே பெருந்தன்மையா பேசறாரு. நாளைக்குப் பண்டிகை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"முடியாதுங்க மேடம்."

"ஏன்?"

"வீட்ல செடி இல்லைங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன இல்ல?"

"செடி. எல்லாத்தையும் காலைல பிடுங்கிட்டேன். அவர் வெட்டறதுக்கு வீட்ல இனிமே நான் மட்டும்தான் இருக்கேன்."

லாரன்ஸ் எழுந்தான். "இன்னா அண்ணி, செடி கிடின்னு ஒளறிக்கினு..."

"நீ உக்காரு" என்றார் இன்ஸ்பெக்டர். அவனைப் பார்க்காமலே சொன்னார். அக்கா முந்தானையை நெற்றியிலிருந்து விலக்கினாள். பிறகு ரவிக்கைக் கையை மேலே தூக்கிக் காட்டினாள். பழுப்பு, மஞ்சள், கருநீலம் என்று பழசும் புதுசுமாக இருந்தது. நானே அதுவரை பார்த்ததில்லை. வீடியோவில் கழுத்துக்கு மேலேதானே தெரியும்.

மாமா மெதுவாக, வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டார். "ஸ்டெல்லா. எழுந்திரு. வீட்டுக்குப் போலாம்."

அக்காவின் கால் விரல்கள் செருப்பைத் தேடின. முப்பது வருஷத்துக்கு மேலான பழக்கம், கால் தானாகத் தேடுகிறது. பிறகு அவள் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

"அது எங்க அப்பா வீடு மேடம். அவர் தம்பி வீட்டுக்குப் போகட்டும். நீங்க எழுதிக்கோங்க, நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன்" என்றாள். பாடம் நடத்துகிற குரலில் சொன்னாள்.

6

கேஸ் இன்னும் நடக்கிறது. அவர் மேலும் இருக்கிறது, என் மேலும் இருக்கிறது. அடுத்த முறை விமான நிலையத்தில் என்னை நிறுத்துவார்களோ என்னவோ, நிறுத்தட்டும். மாமா கோடம்பாக்கத்தில் இருக்கிறார். கோயில் ஆட்கள் மூலம் தூது விடுகிறார். சில நாள் சாயங்காலம் சந்துமுனையில் வந்து நிற்கிறார் என்று அக்கா சொல்கிறாள். நிற்கிறார், பார்க்கிறார், போகிறார்.

திரும்பி வந்ததும் நீனாவிடம் எல்லாம் சொன்னேன். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். கத்தியின் முதுகு என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று தெரியாமல், காய் நறுக்கும் கத்தியை எடுத்துக் காட்டினேன். அவள் வெளிறிப்போய்விட்டாள். "அதனாலதான் செடி வளரவே இல்லையா அம்மா?" என்று கேட்டாள். அவள் அன்றைக்கே கேட்டாள். நான்தான் ரகத்தின் பெயரைச் சொல்லிச் சமாளித்தேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை போனில் அவளும் தன் ஊரிலிருந்தே சேர்ந்துகொள்கிறாள். அவள் தமிழைக் கேட்டு அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

மாதக்கணக்கில் அக்காவின் வாசல் வெறும் மண்ணாகவே கிடந்தது. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். தொட்டியை உதைத்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். மதில் ஓரமாக, புதிதாகக் கொத்திய மண்ணில், இரண்டு ஓலை விரித்துக்கொண்டு ஒரு தென்னம்பிள்ளை நின்றது.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா! மூணடி இடத்துல தென்னையா? மதில் விரிசல் விடும். வாசற்படிக்கு நேர் மேலே காய் தொங்கும். போறவன் வர்றவன் தலையில விழும்."

"விழட்டும். யார் தலையிலன்னு பாத்துக்கலாம்."

நீனா சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் சந்துமுனையில் வந்து நிற்கிற ஆளின் நினைப்பு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த தோட்டக்கலையை வைத்துத்தான் நான் பயப்பட முடியும்.

"அக்கா, மத்த செடி மாதிரி இல்ல இது. குருத்துல ஒரே ஒரு வெட்டு விழுந்தா முடிஞ்சுது. திரும்பத் தளிர்க்கவே தளிர்க்காது."

"தெரியும்டி" என்றாள் அக்கா. தண்ணீர்ச் செம்பைச் சாய்த்து வேரில் ஊற்றிக்கொண்டே சொன்னாள். "கடையில நான் எப்பவும் கேக்கிற கேள்வியத்தான் கேட்டேன். வெட்டினா வராது டீச்சர்னு சொன்னான். அப்ப அதையே குடுன்னு வாங்கிட்டு வந்துட்டேன்."